இரண்டு வீட்டு மாத்திரை

“சாவியக் குடு அத்த. மரியாதயா கேக்கறேன்.”

“மரியாதய அமிர்தியிலயே வெச்சிட்டு வந்துட்டியா? செருப்புக் காலோட வூட்டுக்குள்ளாற நின்னுகினு மரியாதன்றான்.”

“எந்தங்கச்சிய மூட்ட மாதிரி உள்ள தள்ளிப் பூட்டி வெச்சிகீற. எஞ்செருப்புதான் ஒனக்கு உறுத்துதா?”

“பூட்டாம? தொறந்து வுட்டா நேரா பாறைக்குப் போவா. அப்பால நீயே வந்து, எந்தங்கச்சிய கெங்கம்மா கொன்னுட்டான்னு போலீசுல எழுதிக் குடுப்ப.”

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நெல்லிமரத்தூரில் யாருக்கும் வேலை ஓடவில்லை. கெங்கம்மாள் வீட்டில் இப்படியொரு சண்டை நடக்கும்போது அதை விட்டுவிட்டு ஆடு மேய்க்கப் போக யாருக்கு மனசு வரும்? பக்கத்து வீட்டு மாணிக்கம்மாள் முறத்தில் புளியைக் கொட்டிக்கொண்டு வேலியோரமாகவே உட்கார்ந்துவிட்டாள். கொட்டை எடுக்கிறாளாம். முக்கால் மணி நேரமாக ஒரே புளியைத்தான் உருட்டிக்கொண்டிருந்தாள்.

சின்னராசு இரண்டு பேருக்கும் நடுவில் நின்றான். ஒரு பக்கம் இடுப்பில் சாவியைச் செருகிய அம்மா கெங்கம்மாள். இன்னொரு பக்கம், சேதி கேட்டு விடியும் முன்னே அடிவாரத்து அமிர்தியிலிருந்து பைக்கில் ஏறி வந்த மச்சான் ரமேஷ். சின்னராசு மலையில் ஷேர் ஜீப் ஓட்டுகிறவன். எதிரே லாரி வந்தால் எந்தப் பக்கம் ஒதுங்க வேண்டும் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். இந்த இரண்டு பேர் எதிரெதிராக வந்தால்தான் தெரியாது.

பூட்டிய கதவுக்குப் பின்னாலிருந்து இருமல் கேட்டது. வறண்ட, நீளமான இருமல். அதன் முடிவில் ஒரு விசில் சத்தம். பெண்டாட்டி கல்பனா இன்னும் உயிரோடுதான் இருக்கிறாள் என்று அந்த விசிலை வைத்துத்தான் சின்னராசு இரவு முழுக்கத் தெரிந்துகொண்டான்.

நேற்று நடந்தது இது. சாயங்காலம் நாலு மணிக்குச் செங்கத்திலிருந்து சவாரி ஏற்றிக்கொண்டு வந்தான். பச்சைப்பாறை வளைவில், சாலையை விட்டு இறங்கி, பாறையின் முனையில் ஒரு பெண் நிற்பதைப் பின் சீட்டுக்காரர்கள்தான் முதலில் பார்த்தார்கள். புடவையைப் பார்த்ததும் சின்னராசுவுக்கு யாரென்று தெரிந்துவிட்டது. வண்டியை நிறுத்திவிட்டு ஓடிப்போய்ப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தான். கல்பனா திமிறவில்லை, அழவில்லை. உப்பு இருக்கிறதா என்று கேட்கிற குரலில் சொன்னாள்: “குதிச்சா ரொம்ப நேரம் வலிக்குமான்னு பாத்துகினு இருந்தன் மாமா.”

ஜீப்பில் பதினோரு பேர். அவர்கள் ஊருக்குள் இறங்குவதற்கு முன்பே சேதி இறங்கிவிட்டது.

சாமை மூட்டைகள் அடுக்கிய உள்ளறைக்கு மட்டும்தான் அந்த வீட்டில் வெளிப்பக்கம் பூட்டு உண்டு. எலிக்கும் உறவுக்காரர்களுக்கும் பயந்து கெங்கம்மாள் போட்டு வைத்த பூட்டு. மருமகளை அதில் தள்ளிப் பூட்டினாள். பொழுது விடிந்ததும் ஊர்க்கவுண்டருக்கு ஆள் அனுப்பினாள். பதினோரு மணிக்குப் புளியமரத்தடியில் கூட்டம். கூட்டம் எதற்கென்று யாரும் கேட்கவில்லை. தீர்த்து விடத்தான். ஊர் கூடி, இந்தப் பெண்ணுக்கும் இந்த வீட்டுக்கும் இனி ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டால் அவள் பிறந்த வீட்டுக்கு இறங்கிப் போக வேண்டியதுதான். பிள்ளை தகப்பன் வீட்டோடு. நாலு வயது செவ்வந்தி இங்கே இருப்பாள், அம்மாக்காரி அமிர்தியில் இருப்பாள். அங்கே போய் எத்தனை நாள் உயிரோடு இருப்பாள் என்பதைத்தான் கூட்டத்தில் யாரும் கேட்கப் போவதில்லை.

கல்பனா முன்பு இப்படி இல்லை என்பதை மாணிக்கம்மாளே ஒத்துக்கொள்வாள், மாணிக்கம்மாள் யாரைப் பற்றியும் நல்ல வார்த்தை சொல்லக் கூலி கேட்கிறவள் என்றாலும். ஒன்றரை வருஷம் முன்பு மகளிர் குழுவுக்குச் சாமை குத்துகிற மிஷின் வந்தது. பட்டனைத் தட்டத் தைரியமுள்ள ஒரே ஆள் கல்பனா. முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு நாள் முழுக்க அந்தத் தூசிக்குள் நின்றாள். போன ஐப்பசியில் மூச்சிழுப்பு ஆரம்பித்தது. மாடிப்படி ஏறினவள் மாதிரி உட்கார்ந்த இடத்திலேயே மூச்சு வாங்கினாள்.

செங்கத்தில் ஒரு டாக்டரிடம் காட்டினார்கள். அந்த மனுஷன் மேல் ஒரு தப்பும் சொல்ல முடியாது. ஒரு மாசத்துக்கு மாத்திரை, வாயில் வைத்து உறிஞ்ச ஒரு பம்பு, மாசம் முடிந்ததும் மறுபடி வந்து காட்ட வேண்டும் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். அந்த மூன்றில் மலைக்கு ஏறினது மாத்திரை மட்டும்தான். பம்பைப் பார்த்ததும் கெங்கம்மாள் நெஞ்சில் கை வைத்தாள். மாணிக்கம்மாளின் கொழுந்தன் பம்பும் கையுமாகத்தான் செத்தார். ஆகவே பம்புதான் அவரைக் கொன்றது என்று ஊரில் முடிவாகியிருந்தது. அதைத் தொட்டால் பழக்கமாகிவிடும், விடாது. “எலுமிச்சம்பழத்தச் சுத்தி அந்தப் பம்ப ஆத்துல வுட்டுட்டன்” என்று கெங்கம்மாள் குழாயடியில் பெருமையாகச் சொல்லிக்கொண்டாள். மறுபடி டாக்டரிடம் போகவும் இல்லை. மாத்திரைதான் கேட்கிறதே, எதற்கு?

சின்னராசு வாரச் சந்தைக்குச் செங்கம் போகும்போதெல்லாம் பஸ் ஸ்டாண்டு மருந்துக் கடையில் பழைய அட்டையைக் காட்டி ஏழு மாத்திரை கேட்பான். கடைக்காரன் கத்திரியால் நறுக்கி ஏழு கொடுப்பான். மருந்தின் பெயர் எந்தத் துண்டில் போனதோ, யார் பார்த்தார்கள். ஒரு வாரம் கூட அவன் மறந்ததில்லை. மாத்திரை மறக்காத புருஷன் என்று ஊரில் அவனுக்கு ஒரு நல்ல பெயர். அதில் அவனுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ச்சிதான்.

பொங்கலுக்குச் சீர் கொண்டு வந்த ரமேஷ் தங்கை மூச்சு வாங்குவதைப் பார்த்தான். எங்கள் வீட்டுப் பெண்ணுக்கு இவன் சந்தையில் வாங்குகிற மாத்திரையா என்று அவனுக்கு ரோஷம். வேலூரில் கேட்டு விசாரித்து வேறொரு மாத்திரை வாங்கி, கரும்பு, மஞ்சள் கொத்தோடு அதையும் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்தான். அன்றிலிருந்து மலையேறுகிற ஆள் யார் கையிலாவது தாய்வீட்டு மாத்திரை வந்துகொண்டே இருந்தது. சின்னராசு வாங்கினது மஞ்சள் நிறம். ரமேஷ் அனுப்பினது வெள்ளை. புருஷனா அண்ணனா என்று மாத்திரையில் ஒரு போட்டி நடந்தது. இரண்டு பேரும் ஜெயித்தார்கள். கல்பனா இரண்டையும் விழுங்கினாள்.

மாசியில் கனவு வந்தது. தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்து, பிள்ளையை யாரோ மிஷினுக்குள் போடுகிறார்கள் என்று கத்தினாள். அப்புறம் தூக்கமே போனது. பங்குனியில் சந்தேகம் வந்தது. ஜீப்பில் முன் சீட்டில் எவள் உட்கார்ந்தாள் என்று கேட்டு, சாப்பாட்டுத் தட்டை முற்றத்தில் வீசினாள். சித்திரையில் சந்தேகமும் நின்று, பேச்சும் நின்றது. பிள்ளை காலைக் கட்டிக்கொண்டால் யாருடைய பிள்ளையோ என்கிற மாதிரி குனிந்து பார்த்தாள். காற்று கருப்பு பிடித்திருக்கிறது என்று எலுமிச்சம்பழம் மந்திரித்துக் கொடுத்தார் பூசாரி. மண்டை பிசகிவிட்டது என்றது ஊர். மாணிக்கம்மாள் ஒன்றும் சொல்லாமல் தன் மகள் காந்தாவுக்குப் புதுப் பாவாடை தாவணி எடுத்துக் கொடுத்து, கெங்கம்மாள் வீட்டு வழியாகவே தண்ணீருக்கு அனுப்ப ஆரம்பித்தாள்.

இத்தனைக்கும் மாத்திரை மட்டும் ஒருநாளும் தவறவில்லை.

“மாப்ளே, ஒன் மாத்திர ஒண்ணியும் கிழிக்கல,” என்று ரமேஷ் இப்போது அவன் பக்கம் திரும்பினான். சட்டைப்பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து அவன் கையில் அறைந்தான். “இந்தா. முழு அட்ட. இத்த ரெண்டு ரெண்டா குடு. அவ இழுப்பு நின்னா கூட்டம் எதுக்கு, கவுண்டர் எதுக்கு?”

“எம்பையன் மட்டும் வாங்காமயா கீறான்,” என்றாள் கெங்கம்மாள். “டேய், எட்றா நீ நேத்து வாங்கியாந்தத. அவனுது மட்டும் தங்கத்துல செஞ்சதா?”

அடுத்த வாரம் டயர் மாற்ற வண்டியை நிறுத்த வேண்டும் என்பதால் நேற்று சின்னராசுவும் நறுக்காத முழு அட்டையாகவே வாங்கியிருந்தான். அம்மா சொன்னதற்காக அதை எடுத்தான். இரண்டு கையிலும் இரண்டு அட்டை. இத்தனை மாசத்தில் இரண்டையும் அருகருகே வைத்து யாரும் பார்த்ததே இல்லை. பெரிய எழுத்தில் இருந்த பெயர் வேறு வேறு. அதற்குக் கீழே எறும்பு ஊர்கிற மாதிரி பொடி எழுத்து.

சின்னராசு பத்தாவது வரை படித்தவன். அதைவிட முக்கியம், செக்போஸ்ட்டில் வண்டியை நிறுத்தி ஆர்.சி. புக்கையும் என்ஜின் நம்பரையும் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்க்கிறவர்களிடம் பதினைந்து வருஷம் கைகட்டி நின்றவன். தன்னை அறியாமலே அதே மாதிரி விரலை வைத்துப் படித்தான். இதில் எம், ஓ, என், டி. அதிலும் எம், ஓ, என், டி. விரல் கடைசி எழுத்துவரை போனது. ஒரு எழுத்துகூட மாறவில்லை. வண்டிக்கு மேலே பெயிண்ட் வேறு, என்ஜின் ஒன்று.

“மச்சான், ரெண்டும் ஒண்ணு.”

“இன்னாது ஒண்ணு?”

சின்னராசு நிற்கவில்லை. அட்டைகளோடு ஓடினான். செல்போனுக்கு டவர் கிடைக்கிற இடம் ஊரில் ஒன்றே ஒன்று, மேட்டிலிருக்கிற தண்ணீர் டேங்க். ஏணியில் பாதி ஏறினால் இரண்டு புள்ளி வரும். அவன் ஓடுவதைப் பார்த்த மாணிக்கம்மாள், பையனும் குதிக்கப் போகிறான் போலிருக்கிறது என்று எழுந்தே நின்றுவிட்டாள்.

ஜமுனாமரத்தூர் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற ஜெயசுதா மேடம் கண்ணமங்கலத்துக்காரி. திங்கட்கிழமைகளில் அவன் ஜீப்பில்தான் மலையேறுவாள். அந்த ஞாயிறு டூட்டி என்று மலையிலேயே இருந்தாள்; நாலாவது மணி அடித்ததும் எடுத்தாள். கல்பனா தின்கிற மாத்திரை என்று சொல்லி, சின்னராசு மூச்சிரைக்கப் பொடி எழுத்தை ஒவ்வொன்றாகச் சொன்னான்.

“மான்டெலுகாஸ்ட்டு. இழுப்புக்கு எல்லாரும் எழுதறதுதான். எத்தினி மாசமா குடுக்கற?”

“ஏழு மாசம் மேடம். பொங்கல்லேந்து ரெண்டு.”

“ரெண்டா? எந்த டாக்டரு சொன்னாரு?”

“டாக்டரு சொல்லல மேடம். நானும் மச்சானும்…”

மறுமுனையில் அவள் குரல் மாறியிருந்தது. “சின்னராசு, நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லு. கெட்ட கனவு வருதா?”

“வருது.”

“தூக்கம்?”

“கெடையாது.”

“செத்துப் போறேன்னு சொல்றாளா?”

கீழே புளியமரத்தடியில் ஆட்கள் சேர ஆரம்பித்திருந்தார்கள். ஏணியிலிருந்து பார்த்தால் வெறும் தலைத்துண்டுகள்தான் தெரிந்தன.  “நேத்து பாறைல நின்னா மேடம்.”

“இத்தக் கேளு. சில பேருக்கு இந்த மாத்திர மனசக் கலைச்சிடும். எல்லாருக்கும் இல்ல, சில பேருக்கு. அதனாலதான்னு நான் இங்கேந்து சத்தியம் பண்ண மாட்டன், டாக்டருதான் பாக்கணும். ஆனா இனிமே ஒரு மாத்திர குடுக்காத. அவள ஒரு நிமிஷம் தனியா வுடாத. எங்க கீறா இப்ப?”

“சாமை ரூம்புல பூட்டி…”

“சாமை ரூம்புலயா? இழுப்புக்காரிய? புத்தி கீதா உங்களுக்கு? மொதல்ல வெளில இட்டுகினு வா. ஊதாக் கலர் பம்பு குடுத்திருப்பாங்களே, கீதா?”

“அம்மா ஆத்துல வுட்டுட்டாங்க.”

ஜெயசுதா வாய்க்குள் என்னவோ சொன்னாள். அது மருந்துப் பெயர் இல்லை. “நல்லாத் தேடிப் பாரு. கெடச்சா குலுக்கு, மூச்ச வெளில வுடச் சொல்லு, அப்பறம் வாயில வெச்சி அவ உள்ள இழுக்கறப்ப ஒரு அமுக்கு. பத்து எண்ற வரைக்கும் புடிச்சிக்கணும். ஒரு நிமிஷம் வுட்டு மறுபடி. இல்லன்னாலும் ஜல்தி வண்டில போட்டு இங்க வா. டாக்டர வரச் சொல்றன்.”

இறங்கி ஓடும்போது, குலுக்கு, வெளில, உள்ள, அமுக்கு, பத்து என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓடினான். வழியில் இரண்டு பேர், இவனுக்கும் காற்று பிடித்துவிட்டது என்று ஒதுங்கினார்கள்.

வீட்டில் உள்ளறைக் கதவு திறந்திருந்தது; விசில் ஏறினதும் கெங்கம்மாளே திறந்துவிட்டிருந்தாள். கல்பனா நிலைப்படியில் முட்டிமேல் கையூன்றி உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் இரண்டும் காதுவரை ஏறி இறங்கியது. தலைமுடியில், இமையில் எல்லாம் சாமை உமி. உதடு நாவல்பழம் தின்றது மாதிரி இருந்தது. ரமேஷ் சொம்பில் தண்ணீரோடு குனிந்திருந்தான். கெங்கம்மாளின் உள்ளங்கையில் வீட்டில் மிச்சமிருந்த மாத்திரைகள், மஞ்சளில் ஒன்று, வெள்ளையில் ஒன்று. கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்த இரண்டு வீடும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அன்றைக்குத்தான்.

சின்னராசு அம்மாவின் கையைத் தட்டிவிட்டான். மாத்திரைகள் முற்றத்தில் உருண்டன.

ரமேஷ் சொம்பைப் போட்டுவிட்டு அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். “கூட்டத்துக்கு முன்னாடியே ஒரேயடியா முடிச்சிடலாம்னு பாக்கறியா?”

“அந்த மாத்திரதான் மச்சான் அவள இப்படி ஆக்கிச்சி.”

“ஏழு மாசமா நீதான வாங்கியாந்த?”

“நானுந்தான். நீயுந்தான்.”

“குடு மாமா,” என்றாள் கல்பனா. வார்த்தைக்கு வார்த்தை நடுவில் விசில் அடித்தது. “மாத்திர… குடு. மூச்சு…”

வேலியோரம் இப்போது பத்துப் பதினைந்து பேர். அவர்கள் பார்வைக்கு விஷயம் எளிது. பெண்டாட்டி மூச்சுக்குத் தவிக்கிறாள், புருஷன் மருந்தைத் தட்டிவிடுகிறான். சின்னராசுவுக்கே சந்தேகம் வந்தது. ஜெயசுதா சொன்னது தப்பாக இருந்தால்? மாத்திரை ஒன்றுதான் மருந்தென்று நம்பிக்கொண்டிருக்கிற பெண்ணுக்கு இவன் இப்போது என்னத்தைக் கொடுப்பான்?

“எம்மா, பம்பு எங்க?”

“ஆத்துல…”

“நெசமா சொல்லு.”

கெங்கம்மாள் வேலியைப் பார்த்தாள். மாணிக்கம்மாள் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தாள். குழாயடியில் ஏழு மாசமாகச் சொல்லி வந்த வீரக்கதை. அதை இந்தக் கும்பலுக்கு முன்னால் தானே பொய் என்று சொல்ல வேண்டும். கல்பனாவின் விசில் இரண்டு தரம் ஏறி இறங்குகிறவரை கெங்கம்மாள் வாயைத் திறக்கவில்லை. மூன்றாவது தரம் விசில் பாதியில் நின்றது. அவ்வளவுதான். கிழவி முந்தானையை உதறிக்கொண்டு சாமை அறைக்குள் பாய்ந்தாள். உள்ளே பானை உடைகிற சத்தம் கேட்டது.

“காசு போட்டு வாங்கினதாச்சேன்னு வெச்சிருந்தன்,” என்று யாரையும் பார்க்காமல் சொல்லிக்கொண்டே வெளியே வந்து நீட்டினாள். உறைகூடப் பிரிக்காத பம்பு. இரவு முழுக்கக் கல்பனா தலை வைத்துக் கிடந்த மூட்டைக்கு ஒரு முழம் தள்ளி மூலைப்பானையில் இருந்திருக்கிறது.

குலுக்கினான். வெளியே விடச் சொன்னான். விட அவளிடம் மூச்சே இல்லை. முதல் அமுக்கு இருமலோடு வெளியே வந்து வீணாய்ப் போனது. “போச்சு,” என்றாள் வேலியிலிருந்து ஒருத்தி. இரண்டாவது தரம் ரமேஷ் அவள் முதுகைத் தாங்கிக்கொண்டான், சின்னராசு எண்ணினான். “என்னப் பாரு கல்பனா. இழு. இப்ப புடி. ஒண்ணு… ரெண்டு…” ஆறோடு விட்டுவிட்டாள். ஒரு நிமிஷம் காத்திருந்தார்கள். மலையில் அவ்வளவு நீளமான நிமிஷம் இருக்கிறதென்று சின்னராசுவுக்கு அதுவரை தெரியாது. மூன்றாவதை எட்டுவரை பிடித்தாள். நான்காவதுக்குப் பிறகு தோள் காதைவிட்டு மெல்ல இறங்கியது.

அதற்குள் ஊர்க்கவுண்டரே நடந்து வந்துவிட்டார். “இன்னாப்பா, ஊரே வந்து ஒக்காந்துகினு கீது.”

“ஒக்காந்திருக்கட்டும் மாமா. நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வர்றேன்.”

ஜமுனாமரத்தூருக்கு ஒன்பது கிலோமீட்டர். போகிற வழியில்தான் பச்சைப்பாறை. கல்பனாவை நடுவில் வைத்து, கதவுப் பக்கம் ரமேஷ் உட்கார்ந்தான். பின்னால் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு கெங்கம்மாள். யாரும் கூப்பிடாமலே ஏறியிருந்தாள். பாறை வளைவு வந்தது. சின்னராசு வழக்கமாக இரண்டாம் கியரில் எடுக்கிற வளைவு அது. அன்றைக்கு முதல் கியர்.

பாறை கண்ணில் பட்டதும் கல்பனாவின் கை எழுந்தது. ரமேஷின் மடியைத் தாண்டிக் கதவுப் பிடிமேல் போய் உட்கார்ந்தது. அழுத்தவில்லை. சும்மா வைத்திருந்தாள். ரமேஷ் அந்தக் கையைப் பார்த்தான், மாப்பிள்ளையைப் பார்த்தான். பிடுங்கினால் திமிறுவாளோ, விட்டால் திறப்பாளோ. கடைசியில் தன் கையை அவள் கைமேல் வைத்தான், சின்னப் பிள்ளையில் சாலையைக் கடக்கும்போது வைத்த மாதிரி. சின்னராசு கண்ணைச் சாலையிலிருந்து எடுக்கவில்லை. ஸ்டியரிங் வேர்வையில் வழுக்கியது. வளைவு முடிந்து முதல் கொய்யாத்தோப்பு வந்த பிறகுதான் பின்னாலிருந்து கெங்கம்மாள் மூச்சு விட்டது கேட்டது.

ஆஸ்பத்திரியில் முகத்துக்கு மூடி போட்டு மருந்துப் புகை வைத்தார்கள். அன்பரசன் என்று ஒரு இளவயது டாக்டர். ஜெயசுதா இரண்டு அட்டைகளையும் மேசையில் அருகருகே வைத்தாள். டாக்டர் ரொம்ப நேரம் கேள்வி கேட்டார். அதற்கு முன்பு இப்படி இருந்தாளா, வீட்டில் யாருக்காவது உண்டா, மாத்திரை எப்போது, கனவு எப்போது என்று மாசக்கணக்கில் எழுதிக்கொண்டார்.

“இதனாலதான்னு அடிச்சிச் சொல்ல முடியாது. ஆனா சந்தேகத்துக்கு நெறைய எடம் இருக்கு. அளவோட குடுத்தாலே சிலருக்கு இப்படி ஆகும், நீங்க ரெண்டு பங்கு குடுத்திருக்கீங்க. நிறுத்திடலாம். நிறுத்தின அன்னிக்கே சரியாயிடும்னு நெனைக்காதீங்க. மனநல டாக்டரையும் பாக்கணும். இழுப்புக்குத் தெனமும் வேற பம்பு தர்றேன். அது பழக்கமாகாது, யாரையும் கொல்லாது.” கடைசி வாக்கியத்தைக் கெங்கம்மாளைப் பார்த்துச் சொன்னார். ஜெயசுதா சொல்லிக் கொடுத்திருப்பாள்.

ரமேஷ் மெதுவாக, “ரெண்டுல ஒண்ணத் தின்னாம வுட்டிருக்கலாம் இல்ல புள்ள?” என்று கேட்டான்.

கல்பனா மூடியை விலக்கினாள். “எத்த வுடறது? ஒன்னுத வுட்டா தாய்வூட்ட மதிக்கலன்னு நீ மூஞ்சத் தூக்குவ. அவருத வுட்டா அத்த ஒரு மாசம் பேசாது. ரெண்டையும் முழுங்கிட்டா வூடு அமைதியா கீது.”

மாசக்கணக்கில் அவள் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான். ரமேஷ் மூடியை எடுத்து மறுபடி அவள் மூக்கில் வைத்தான்.

முதல் வாரம் ஒன்றும் மாறவில்லை. சொல்லப்போனால் மோசம்தான். சின்னராசு ஜீப்பை எடுக்கவில்லை. ரமேஷ் லீவு போட்டுவிட்டு அங்கேயே கிடந்தான். முறை வைத்துக்கொண்டு கூடவே இருந்தார்கள். டாக்டர் சொன்னது பொய்யோ என்று சின்னராசு இரண்டு தரம் டேங்க் ஏணியில் ஏறினான், இரண்டு தரமும் ஜெயசுதா திட்டி இறக்கினாள். பதிமூன்றாம் நாள் வெயில் ஏறும்வரை கல்பனா தூங்கினாள். சாமை அறை திறந்தே கிடந்தது, மூட்டைகளைக் கெங்கம்மாள் மாணிக்கம்மாள் வீட்டுக்கு மாற்றியிருந்தாள். நாலாம் வாரம், செவ்வந்திக்குத் தலை சீவிக்கொண்டே, “நெசமா சொல்லு மாமா, முன் சீட்டுல எவளும் ஒக்காரலியா?” என்று கேட்டாள். சின்னராசு பயந்துபோய் நிமிர்ந்தான். சிரித்துக்கொண்டிருந்தாள். “திங்கக்கெழம ஜெயசுதா மேடம் ஒக்காருவாங்க,” என்றான். “அவங்க ஒக்காரட்டும்,” என்றாள்.

தீர்த்து விடுகிற கூட்டம் அப்புறம் கூடவேயில்லை. கூட்ட வேண்டிய கெங்கம்மாள் மறுபடி ஆள் அனுப்பவில்லை. கல்பனா தேறியது தன் எலுமிச்சம்பழத்தால்தான் என்று பூசாரி இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஊரில் பாதிப்பேர் அதை நம்புகிறார்கள். மீதிப்பேர் சளிக்கு வாங்கின மாத்திரையைக்கூடத் தூக்கிக்கொண்டு வந்து, பொடி எழுத்தைப் படித்துச் சொல்லச் சொல்லிச் சின்னராசுவின் உயிரை வாங்கினார்கள்.

ஆனி மாசம் கல்பனா ஒரு வார்த்தைதான் சொன்னாள். அந்த அறைக் கதவைத் தாண்டிப் படுக்கப் போக முடியவில்லை, என்றாள். ஆவணியில் சின்னராசு ஜீப்போடு, அவளோடு, பிள்ளையோடு அமிர்திக்கு இறங்கிவிட்டான். இப்போது வேலூர் பாதையில் ஓட்டுகிறான். கல்பனா அங்கே ஒரு தையல் கடையில் உட்கார்கிறாள், தூசி இல்லை. மூன்று மாசத்துக்கு ஒருதரம் டாக்டரிடம் போகிறாள். மிஷினை ஓட்டக் குழுவில் வேறு ஆள் கிடைத்தபாடில்லை, அது உறை போட்டுக் கிடக்கிறது.

தங்கை வீட்டில் இருபது நாள் கிடந்த ரமேஷ் அந்த இருபது நாளும் குழாயடிக்குத் தானே தண்ணீருக்குப் போனான் என்பதைக் கெங்கம்மாள் கவனிக்கவில்லை, மாணிக்கம்மாள் கவனித்தாள். ஐப்பசியில் அவனுக்கும் காந்தாவுக்கும் கல்யாணம் நடந்தது. அவளும் அமிர்திக்குத்தான் போனாள், நாத்தனார் வீட்டுக்கு நாலாவது வீடு. ஜெயசுதா மேடத்துக்குக் கண்ணமங்கலம் பக்கமே மாறுதல் கிடைத்துவிட்டது. கெங்கம்மாள் மாசம் ஒருதரம் பஸ் ஏறி அமிர்திக்கு வருகிறாள். வந்தால் இரண்டு நாள்தான் தங்குவாள். மூன்றாம் நாள் காலையில் பையை எடுத்துக்கொண்டு, வூட்டுல வேல கீது என்று கிளம்பிவிடுகிறாள். இரு என்று கல்பனாவும் இதுவரை சொன்னதில்லை.